பீரோ சாவியில் ஸ்டார்ட் ஆன கார்: இக்னிஷன் பூட்டின் கதை

(ஒலி வடிவத்தில் வந்த எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

எங்க வீட்டுல ஒரு கார் இருக்கு. 1967 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இருபது வருஷத்துக்கு மேல தார்ப்பாய்க்கு அடியில தூங்கிட்டு இருந்தது. இந்த வருஷம்தான் எழுந்திருக்கு.

அந்த காரைப் பத்தி எங்க சொந்தக்காரங்க எல்லாரும் ஒரு விஷயம் சொல்லிச் சிரிப்பாங்க. அது எந்தச் சாவி போட்டாலும் ஸ்டார்ட் ஆகும். சைக்கிள் பூட்டுச் சாவி, பீரோ சாவி, எவர்சில்வர் ஸ்பூனோட காம்பு, எதுவா இருந்தாலும் சரி. அதே மூச்சுல இன்னொண்ணும் சொல்வாங்க. அதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டாங்க. "உங்க தாத்தா சாவியை வண்டியிலேயே விட்டுட்டுப் போனாரு. அதனாலதான் உங்கப்பாவுக்கு முட்டி போச்சு."

அந்த ரெண்டாவது வாக்கியம் பொய். அது பொய்ன்னு தெரிஞ்ச ஆள் நான். அதுக்கு அப்புறம் வர்றேன்.

இன்னைக்கு எபிசோட் கார் சாவியைப் பத்தினது. இன்னும் சரியா சொன்னா, சாவி போய் உட்காருற அந்தச் சின்ன உருளைப் பூட்டைப் பத்தினது. புது கார்ல பட்டனை அழுத்திட்டுப் போற தலைமுறை நாம. ஆனா ஒரு நூறு வருஷமா, ஒரு வண்டி யாருடையது, அதை யார் ஓட்டலாம், ஏதாவது தப்பு நடந்தா யார் மேல பழி விழும், இது எல்லாத்தையும் தீர்மானிச்சது அந்தப் பூட்டுதான்.

சாவியே இல்லாத காலம்

முதல் கார்களுக்குச் சாவி கிடையாது. 1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியில், பின்னால் இருந்த பெரிய சக்கரத்தைக் கையால் சுழற்றித்தான் இன்ஜினை எழுப்ப வேண்டும். அதற்குப் பிறகு வந்த கார்களில் முன்பக்கம் ஒரு இரும்புக் கைப்பிடியைச் சொருகிச் சுற்றுவார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்ல பார்த்திருப்பீங்க. இன்ஜின் திடீர்னு பின்பக்கமா உதைச்சா மணிக்கட்டு முறியும், தாடை உடையும். அந்தக் காலத்துல காரைத் திருடணும்னா முதல்ல உடம்புல தெம்பு வேணும்.

இதை மாற்றியவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருந்த சார்லஸ் கெட்டரிங். அதற்கு முன் அவர் வேலை பார்த்தது கடைகளில் வைக்கும் கல்லாப்பெட்டி இயந்திரம் தயாரிக்கும் நிறுவனத்தில். பெட்டி திறக்கச் சில விநாடி மட்டும் பலமாக இழுத்துவிட்டு ஓயும் ஒரு சின்ன மின்மோட்டாரை அங்கே அவர் செய்திருந்தார். அதே யோசனையை காருக்குக் கொண்டுவந்தார். நாள் முழுக்க ஓடும் மோட்டார் இதற்குத் தேவையில்லை. சில விநாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்ஜினைச் சுழற்றினால் போதும். 1912 மாடல் கேடிலாக்கில் அந்த எலக்ட்ரிக் ஸ்டார்டர் வந்தது.

அதோட கார் எல்லாருக்குமானது ஆச்சு. வயசானவங்க, தெம்பு இல்லாதவங்க, யார் வேணும்னாலும் ஸ்டார்ட் பண்ணலாம். திருடனும் பண்ணலாம்! கஷ்டம் போனதும் காவலும் சேர்ந்து போச்சு. பூட்டோட வேலை அங்கதான் ஆரம்பிக்குது.

24 சாவிகள்

ஃபோர்டு மாடல் டி தெரியும்ல? 1908-லிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்ற கார். 1919-ல் அதற்கும் எலக்ட்ரிக் ஸ்டார்டர் வந்தது. கூடவே சாவி போடும் இக்னிஷன் சுவிட்சும் வந்தது. அந்தச் சாவிகளில் மொத்தம் எத்தனை வகை தெரியுமா? 24. எண் 51-ல் ஆரம்பித்து 74-ல் முடியும்.

24 வகையை லட்சக்கணக்கான வண்டிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்காங்க. அது மட்டும் இல்ல. உங்க வண்டிக்கு எந்த எண் சாவின்னு சுவிட்ச் முகத்துலயே அடிச்சிருக்கும். வீட்டுப் பூட்டு மேல சாவி எங்க இருக்குன்னு எழுதி ஒட்டின மாதிரி. சாவி தொலைஞ்சா உரிமையாளருக்கு வசதி. மத்தவங்களுக்கும் அதே வசதிதான்.

ஆனா அந்தச் சாவி இன்ஜினைச் சுழற்றாது. மின்சாரத்தைத் திறந்துவிடும், அவ்வளவுதான். ஸ்டார்ட் செய்யக் காலுக்கடியில் தனி பட்டன். பல கார்களில் டேஷ்போர்டில் பட்டனோ இழுக்கும் குமிழோ இருக்கும். சாவியைத் திருப்பினாலே இன்ஜினும் சுழலும் ஏற்பாட்டை 1949-ல் கிறைஸ்லர் கொண்டுவந்தது. நாம சினிமாவுல பார்க்கிற அந்த 'சாவியைத் திருப்பு, உறுமு' காட்சிக்கு வயசு அவ்வளவுதான்.

இது சின்ன மாற்றம்போலத் தெரியும். ஆனால் பூட்டின் உடம்புக்குப் பெரிய சுமை. முன்பு அது காவல்காரன் மட்டும். இப்போது கதவும் அதுவே, காவலும் அதுவே. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் ஸ்பிரிங்கை எதிர்த்து சாவியை முறுக்குகிறோம். ஒரு நாளைக்குப் பத்து முறை, முப்பது வருஷம். பித்தளை தேயாம என்ன பண்ணும்?

மெட்ராஸ் ஹெரால்டு

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். சென்னையில கார் தயாரிப்புன்னா எல்லாரும் 1990-களுக்கு அப்புறம் வந்த கம்பெனிகளைத்தான் சொல்வாங்க. அதுக்கு ரொம்ப முன்னாடியே மெட்ராஸ்ல கார் செஞ்சாங்க. லைசென்ஸ் ராஜ் காலத்தில் இந்திய நடுத்தர வர்க்கம் அறிந்த கார் கம்பெனிகள் மூன்று. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். பம்பாயில் ஃபியட் செய்த பிரீமியர். மூன்றாவது மெட்ராஸின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ். அதன் தொழிற்சாலை பெருங்களத்தூரில் இருந்தது. தாம்பரம் தாண்டிப் போறவங்க தினமும் அந்த இடத்தைக் கடந்துதான் போறீங்க.

பிரிட்டனில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இங்கே 1961-லிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியர் ஜியோவானி மிக்கெலோட்டி. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். சந்துக்குள்ளேயே யூ-டர்ன் அடிக்கும். குடும்பம் பெருத்த நம்ம ஊருக்காக 1960-களின் கடைசியில் நான்கு கதவு ஹெரால்டும் இங்கே வந்தது.

எங்க தாத்தா துறைமுகத்துல கணக்கு வேலை. அவருக்கு இந்த கார் ரெண்டாவது கை. ஒரு கதை சொல்வார். மயிலாப்பூர்ல ஒரு கல்யாணம். சாப்பிட்டு முடிச்சு வெளிய வந்து, தன்னோட சாம்பல் கலர் ஹெரால்டுல ஏறி, சாவி போட்டு, ஸ்டார்ட் பண்ணி, லஸ் முனை வரைக்கும் வந்துட்டார். அப்புறம்தான் பின் சீட்டுல யாரோட வெத்தலைப் பெட்டின்னு பார்த்தார். கார் அவரோடது இல்ல. இவர் சாவி அந்த வண்டிக்கும் சேர்ந்திருக்கு!

சின்ன வயசுல இதைத் தாத்தாவோட அளப்புன்னு நினைச்சேன். அப்புறம் படிச்சப்போதான் புரிஞ்சது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் பெரிதும் பயன்பட்ட ஒரு சாவி வரிசைக்கு எஃப்.எஸ். என்று பெயர். எண் 876-லிருந்து 955 வரை. கணக்குப் போட்டுப் பாருங்க, மொத்தம் 80 சாவிகள். மினி, எம்.ஜி., டிரையம்ப் என்று பல கார்களுக்கும் இந்த 80 தான். எங்க கார்ல இருக்கிறதும் இந்த வரிசைப் பூட்டுதான். ஒரே கல்யாண வாசல்ல ரெண்டு சாம்பல் கலர் ஹெரால்டு நின்னு, ரெண்டுக்கும் ஒரே சாவியா அமைஞ்சா அதிர்ஷ்டம்தான். ஆனா அதிசயம் இல்ல. தேய்ஞ்ச பூட்டா இருந்தா அந்த அதிர்ஷ்டம்கூடத் தேவையில்ல.

2001, ஒரு ஞாயிற்றுக்கிழமை

எனக்கு அப்போ எட்டு வயசு. எங்க வீட்டு முன்னால கார் நிக்கும். அதுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவுல நாலடி இடம். அங்க அப்பா செம்பருத்திச் செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தார். தாத்தாவுக்கு ஹேண்ட்பிரேக்ல நம்பிக்கை கிடையாது. எப்பவும் ஃபர்ஸ்ட் கியர்ல போட்டுட்டுத்தான் வண்டியை நிறுத்துவார்.

எல்லாச் சாவியும் சேரும்னு பெரியவங்க சொல்லிச் சிரிச்சதைக் கேட்டு வளர்ந்த பையன் நான். பீரோ சாவியை எடுத்துட்டுப் போய், டிரைவர் சீட்ல ஏறி, போட்டுத் திருப்பினேன். திரும்பிச்சு. இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.

கியரில் நிற்கும் வண்டியில் ஸ்டார்டர் சுழன்றால், இன்ஜின் எழும்பாவிட்டாலும் மோட்டார் பலத்திலேயே வண்டி முன்னால் பாயும். வண்டி பாய்ஞ்சது. அப்பாவோட வலது முட்டி சுவருக்கும் பம்பருக்கும் நடுவுல.

தாத்தாதான் முதல்ல ஓடி வந்தார். என்னைப் பார்த்தார். பூட்டுல இருந்த பீரோ சாவியைப் பார்த்தார். அதை உருவி சட்டைப் பையில போட்டுக்கிட்டார். ஆஸ்பத்திரில எல்லாரும் கேட்டப்போ அவர் சொன்னது ஒரே வரி: "நான்தான் சாவியை வண்டியிலேயே விட்டுட்டேன். குழந்தை தெரியாம திருப்பிட்டான்."

அதுக்கப்புறம் அவர் அந்த காரை ஓட்டவே இல்ல. தார்ப்பாய் போட்டு மூடினார். 2016-ல போயிட்டார். நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல.

பூட்டைப் பிரித்தபோது

இந்த வருஷம் காரை எழுப்பலாம்னு அப்பாவே சொன்னார். கார்புரேட்டர், பிரேக், வயரிங் எல்லாம் ஒவ்வொண்ணா முடிஞ்சது. கடைசியா இந்தப் பூட்டு. புதுப்பேட்டையில ஒரு பெரியவர், எல்லாரும் பாய்னு கூப்பிடுவாங்க, பழைய கார் சுவிட்சுதான் அவர் வேலை. மாடல் தேடி வந்துட்டேன்னு ஒரு மணி நேரம் பாடமே எடுத்தார்.

பாய் சொன்னதைச் சுருக்கமா சொல்றேன், உங்க வீட்டுல பழைய வண்டி இருந்தா உதவும்.

இக்னிஷன் பூட்டு என்பது உண்மையில் இரண்டு பொருள். முன்னால் சாவி போகும் பேரல். பின்னால் வயர்கள் சேரும் சுவிட்ச். சாவி திரும்புகிறது, ஆனால் எதுவும் நடக்கவில்லை என்றால் பெரும்பாலும் பின்னால் கோளாறு. சாவி திரும்பவே அடம் பிடித்தாலோ, கண்ட சாவிக்கும் திரும்பினாலோ முன்னால் கோளாறு. கை வைப்பதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாடியோடு இணைந்திருப்பது நெகட்டிவ் இல்லை, பாசிட்டிவ். நவீன கார் பழக்கத்தில் மாற்றி மாட்டினால் புகைதான் வரும்.

எங்க கார் மாதிரியான பூட்டில் பேரலை எடுக்க உடைக்கவே வேண்டாம். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, பக்கவாட்டில் இருக்கும் ஊசித் துளைக்குள் ஒரு கம்பியை விட்டு அழுத்தினால், உள்ளே ஒரு சின்ன முனை அமுங்கும். பேரல் அப்படியே உருவிக்கொண்டு வரும்.

பேரலுக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பொடி ஸ்பிரிங். சாவி இல்லாதபோது தகடுகளின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு, சுற்றியிருக்கும் கூட்டின் பள்ளத்தில் மாட்டியிருக்கும். அதனால் உருளை திரும்பாது. சரியான சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு தகட்டைச் சரியான அளவுக்கு நகர்த்தி, எல்லா விளிம்பையும் உருளையோடு சமமாக்கும். அப்போதுதான் திரும்பும். பூட்டோட மொத்த ரகசியமும் மில்லிமீட்டர் கணக்குலதான் இருக்கு.

சாவி தேய்ந்தால் தகடு போதிய அளவு நகராது. பூட்டு அடம் பிடிக்கும். நாம என்ன பண்ணுவோம்? அந்தத் தேய்ஞ்ச சாவியையே கொண்டுபோய் டூப்ளிகேட் போடுவோம். "தேய்மானத்தையும் சேர்த்துத்தானே தம்பி காப்பி எடுக்கறீங்க?"ன்னார் பாய். அதுல இருந்து இன்னொரு டூப்ளிகேட், அதுல இருந்து இன்னொண்ணு. வதந்தி மாதிரி, ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் கொஞ்சமா மூலத்துல இருந்து விலகிப் போகும். சரியான வழி, சாவியைப் பார்த்து வெட்டாமல் எண்ணைப் பார்த்து வெட்டுவது. எண் தெரிந்தால் 1967-ல் இருந்த அதே அளவில் இன்றும் வெட்டலாம்.

இன்னொரு குறுக்கு வழியும் இருக்கு. தகட்டையே அரத்தால் ராவி விடுவது. விளிம்பு நீட்டிக்கொண்டு இருந்தால்தானே மாட்டும்? ராவிவிட்டால் எப்போதும் சமம். சாவி வெண்ணெய் மாதிரி திரும்பும். எந்தச் சாவியும் திரும்பும்.

பாய் பேரலை வெள்ளைத் துணி மேல தட்டினார். தகடுகள் ஒவ்வொண்ணா விழுந்தது. லென்ஸ் வச்சுப் பார்த்தார். "இது தேய்ஞ்சது இல்ல தம்பி. ராவினது. பாருங்க, அரம் போன கோடு."

நான் அதுவரைக்கும் நினைச்சது, பூட்டு வயசாகித் தானா தேய்ஞ்சு போச்சுன்னு. இல்ல. யாரோ ஒருத்தர் அதை அப்படி ஆக்கியிருக்காங்க.

பழி யார் மேல்?

இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தி, உலக வரலாறுக்குப் போயிட்டு வரலாம். ஏன்னா எங்க வீட்டுல நடந்த மாதிரியே பெரிய அளவுல நடந்திருக்கு.

1960-களின் அமெரிக்கா. கார் திருட்டு எக்கச்சக்கம். சாவியை வண்டியில் விட்டுப் போகாதே, நல்ல பையனை நீயே கெடுக்காதே என்று ஊரெங்கும் விளம்பரம் செய்தார்கள். பழி மொத்தமும் மறதிக்கார உரிமையாளர் மேல். ஆனால் அதே காலத்து செவர்லே கார்கள் பலவற்றில், பூட்டாமல் ஆஃப் நிலையில் நிறுத்தி சாவியை உருவிவிட்டால், பிறகு சாவியே இல்லாமல் சுவிட்சை விரலால் திருப்பி வண்டியை எடுக்கலாம். அந்த வசதியை வைத்தது தயாரிப்பாளர். 1960-களின் நடுவில்தான் அதை எடுத்தார்கள். 1969 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் பூட்டை ஸ்டீயரிங் தண்டுக்குக் கொண்டுபோய், சாவியை எடுத்தால் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளும்படி செய்தது. 1970 ஜனவரி 1 முதல் அதுபோன்ற பாதுகாப்பை அமெரிக்கச் சட்டமே கட்டாயமாக்கியது.

அடுத்தது 2014. அதே ஜெனரல் மோட்டார்ஸ். செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் போன்ற கார்களின் இக்னிஷன் சுவிட்சுக்குள், சாவியை ஆன் நிலையில் பிடித்து நிறுத்தும் ஒரு ஸ்பிரிங் முனை இருக்கும். அது தேவையான அளவுக்கு விறைப்பாக இல்லை. கனமான சாவிக்கொத்து ஆடினாலோ, பள்ளத்தில் வண்டி குலுங்கினாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி பின்னால் நழுவும். இன்ஜின் நிற்கும், பவர் ஸ்டீயரிங் போகும், மோதினால் ஏர்பேக் விரியாது.

அது எப்படி வெளியே வந்தது தெரியுமா? ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு இளம்பெண் இறந்த விபத்தில், குடும்பத்தின் வழக்கறிஞருக்காக ஆய்வு செய்த பொறியாளர் ஒருவர், புதிய சுவிட்ச் ஒன்றைக் கடையில் வாங்கி, விபத்துக்குள்ளான காரின் சுவிட்சோடு ஒப்பிட்டுப் பார்த்தார். உள்ளே இருந்த முனையின் நீளம் வேறு. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு. நிறுவனம் இடையில் பாகத்தைச் சரிசெய்திருக்கிறது. ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. அதனால் பழையது எது, திருத்தியது எது என்று காகிதத்தில் தடமே இல்லை.

2014-ல் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. மறு வருடம் அரசுடன் 90 கோடி டாலருக்கு உடன்பாடு ஆனது.

இந்த எண்களைவிட என்னைத் தூங்கவிடாத விஷயம் வேற. 2004-ல் டெக்சாஸில் ஒரு பெண் ஓட்டிய சாட்டர்ன் அயான் மரத்தில் மோதி, கூட வந்த அவருடைய வருங்காலக் கணவர் இறந்தார். பிரேக் பிடித்த தடம்கூட இல்லை என்று அவர் மேல் குற்றம் சாட்டினார்கள். அவரும் ஒப்புக்கொண்டார். தன்னால்தான் செத்தார் என்று நம்பியே பத்து வருடம் வாழ்ந்தார். 2014 நவம்பரில், கோளாறு காரின் சுவிட்சில்தான் என்பது வெளிவந்த பிறகு, நீதிமன்றம் அவரை விடுவித்தது. பத்து வருஷம்! ஒரு ஸ்பிரிங்கோட தப்பை ஒரு மனுஷி சுமந்திருக்காங்க.

சரி, இது பழைய கதைன்னு நினைக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. 2022-ல டிக்டாக்ல வந்த அந்த கியா சேலஞ்ச் ஞாபகம் இருக்கா? அமெரிக்காவில் பதின்வயதுப் பசங்க யூ.எஸ்.பி. கேபிள் முனையை வைத்தே கியா, ஹூண்டாய் கார்களை ஓட்டிக்கொண்டு போனார்கள். எல்லோரும் பசங்களைத் திட்டினார்கள், டிக்டாக்கைத் திட்டினார்கள். ஆனால் பக்கத்து நாடான கனடாவில் அந்தப் பிரச்சினை அந்த அளவுக்கு இல்லை. காரணம், சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் கண்டால்தான் இன்ஜின் எழும்பும் என்ற இம்மொபிலைசர் ஏற்பாடு அங்கே 2007-லிருந்தே கட்டாயம். ஐரோப்பாவில் 1998-லிருந்தே கட்டாயம். அமெரிக்காவில் கட்டாயம் இல்லை என்பதால் பல மாடல்களில் அதை வைக்கவில்லை. பசங்க செஞ்சது தப்புதான். ஆனா அந்தக் கதவைத் திறந்து வச்சது யாரு?

மூணு பேர்

திரும்ப புதுப்பேட்டைக்கு வருவோம். பாய் வழி சொன்னார். ராவின தகடுகளுக்குப் பதிலா, பழைய பேரல் ஒண்ணுல இருந்து அதே அளவுத் தகடுகளை எடுத்துப் போடலாம். ஆனா எந்த அளவுன்னு தெரிய மூலச் சாவி எண் வேணும். பூட்டு முகத்துல எஃப்.எஸ். 9 வரைக்கும் படிக்க முடியுது. மிச்ச ரெண்டு இலக்கம் பல வருஷ விரல்ல மழுங்கிப் போச்சு.

அன்னைக்கு ராத்திரி தாத்தாவோட தகரப் பெட்டியைக் குடைஞ்சேன். ஆர்.சி. புக் உறைக்குப் பின்னால, பென்சில்ல, கணக்கர் கையெழுத்துல: இன்ஜின் எண், சேஸிஸ் எண், டயர் அளவு, அதுக்குக் கீழ சாவி எண். (முழு எண்ணை இங்க சொல்ல மாட்டேன். பூட்டு இப்போ வேலை செய்யுது!) அந்தப் பெட்டியிலேயே அடியில இன்னொண்ணும் இருந்தது. ஒரு பீரோ சாவி. அப்போ தொலைஞ்சு போச்சுன்னு வேற சாவி போட்டோம். தொலையல. அவர் திருப்பி வைக்கவே இல்ல.

அந்தச் சாவியை எடுத்துட்டுப் போய் அப்பா முன்னால வச்சேன். எல்லாத்தையும் சொன்னேன். தாத்தா சாவியை விடல, நான்தான் பீரோ சாவியைப் போட்டேன், அவர் எனக்காகப் பொய் சொன்னார்னு. முப்பது வயசுக்கு மேல ஆன ஆள், எட்டு வயசுப் பையன் மாதிரி அழுதேன்னு சொல்லிக்கிறதுல வெட்கம் இல்ல.

அப்பா ரொம்ப நேரம் பேசல. முட்டியைத் தடவிட்டே இருந்தார். அப்புறம் கேட்டார்: "தகட்டை ராவியிருக்குன்னா சொன்னாரு அந்த பாய்?"

"ஆமாம்பா."

"ராவச் சொன்னது நான்தான்டா."

2001-க்கு முந்தின வருஷம், காலையில ஆபீஸ் அவசரத்துல சாவி திரும்பாம தினமும் பத்து நிமிஷம் போகுதுன்னு, தாத்தா ஊர்ல இல்லாதப்போ தெரு முனை மெக்கானிக்கிட்ட காரைக் காட்டி, 'எப்படியாவது திரும்பினா போதும்'னு சொல்லியிருக்கார். அவர் ராவிக் கொடுத்துட்டார். அஞ்சு நிமிஷ வேலை. தாத்தா வந்ததும் விஷயம் தெரிஞ்சு திட்டியிருக்கார். அடுத்த மாசம் சரி பண்ணிக்கலாம்னு அப்பா சொல்லியிருக்கார். அந்த அடுத்த மாசம் வரவே இல்ல.

அப்போ தாத்தா எனக்காக மட்டும் பொய் சொல்லல. ஆஸ்பத்திரி வாசல்ல அவருக்குத் தெரியும், பூட்டைப் பத்திப் பேச்சு வந்தா மகன் பேரும் வரும், பேரன் பேரும் வரும். 'சாவியை விட்டுட்டேன்'னு சொன்னா பூட்டைப் பத்தி யாரும் கேட்க மாட்டாங்க. கணக்கர் இல்லையா, ரெண்டு பேரோட பாக்கியையும் தன் பக்கம் எழுதிக்கிட்டார். நாங்க ரெண்டு பேரும் பதினஞ்சு வருஷம் அவர் முன்னாலயே அதைக் கேட்டுட்டு சும்மா இருந்தோம்.

எண்ணை வச்சு வெட்டின புதுச் சாவி இங்கிலாந்துல இருந்து தபால்ல வந்தது. அங்க இன்னும் இந்த வரிசைச் சாவிகளை வெட்டி விக்கிறாங்க. பாய் தகடுகளை ஒவ்வொண்ணா பொருத்தினார். எண்ணெய் விடல. எண்ணெய் விட்டா தூசி ஒட்டிப் பசையாகும். பென்சில் கரித்தூள் கொஞ்சம் ஊதினார், அவ்வளவுதான். பேரல் உள்ளே போய் 'டிக்'னு உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா முதல்ல புதுச் சாவியைப் போடல. பீரோ சாவியைப் போட்டுத் திருப்பினார். அசையல. இன்னொரு தடவை அழுத்தித் திருப்பினார். அசையல. அதுக்கப்புறம்தான் நகர்ந்து என்னை டிரைவர் சீட்ல உட்காரச் சொன்னார். கியர் நியூட்ரல்ல இருக்கான்னு ரெண்டு பேரும் பார்த்தோம்.

போன மாசம் தாத்தாவோட திதிக்குச் சொந்தக்காரங்க எல்லாரும் வந்தாங்க. வாசல்ல காரைப் பார்த்துட்டு ஒரு சித்தப்பா வழக்கம்போல ஆரம்பிச்சார், "உங்க தாத்தா சாவியை வண்டியிலேயே..."

"இல்லடா"ன்னு அப்பா குறுக்க வந்தார். "அவர் விடல. உட்காரு, சொல்றேன்."

இந்த எபிசோட் இதோட முடியுது மக்களே. உங்க வீட்டுலயும் ஒரு பழைய வண்டி இருந்தா, சாவி எண்ணை எங்கயாவது எழுதி வையுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.